இரவில் உண்ணாதவர்க்கும் நெஞ்செரிச்சல் ஏன்?

ஜினாலயத்தில் ஸ்வாத்யாயம் முடிந்து அனைவரும் கலையும் வேளையில், மூத்த அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து வினவினார்: "பன்னிரண்டு வயது முதல் சூரியன் மறைந்தபின் நான் உண்டதில்லை. புகையிலை இல்லை, காபி இல்லை. அப்படியிருந்தும் படுத்தால் நெஞ்சு எரிகிறது. நள்ளிரவில் புளித்த நீர் தொண்டை வரை வந்து விழிக்கச் செய்கிறது. நெறி தவறாமல் நடப்பவனுக்கு இந்நோய் ஏன் வரவேண்டும்?"

அவ்வினாவில் உடல் வருத்தத்தினும் மன வருத்தமே மிகுதியாகத் தெரிந்தது. தாம் இத்தனை ஆண்டுகள் நோற்ற விரதத்தில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதோ என்னும் ஐயம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. மருத்துவத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். மாலை எத்தனை மணிக்கு உண்கிறீர்கள்? ஐந்தே முக்காலுக்கு. எவ்வளவு நேரம் உண்கிறீர்கள்? பத்து நிமிடம், அதற்குள் பொழுது சாய்ந்துவிடுமே. நாளில் பெரிய உணவு எது? அதுதான், மறுநாள் காலை வரை தாங்கவேண்டுமல்லவா? எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஏழரைக்கு, விடியற்காலை நான்கு மணிக்கு எழவேண்டும்.

நோய் எங்கே இருக்கிறது என்பது அவ்விடைகளிலேயே வெளிப்பட்டுவிட்டது. அன்று கோயில் வாயிலில் நின்றவாறு அவருக்குச் சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாது விட்டவற்றையும் இங்கே விரித்து எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இந்த வினாவை மனத்துள் வைத்திருப்போர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

நோயின் இயல்பு

வாயினின்று இரைப்பைக்கு உணவைக் கொண்டு செல்லும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. அது மார்பைக் கடந்து, உதரவிதானம் எனப்படும் தசைத் திரையிலுள்ள துளை வழியே இறங்கி இரைப்பையோடு சேர்கிறது. சேரும் இடத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவில் சுருக்குத் தசை ஒன்று உளது. நாம் விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும்; உணவு இறங்கியதும் இறுகி மூடிக்கொள்ளும். உதரவிதானமும் புறத்தே நின்று அதனை இறுக்கித் துணைபுரிகிறது.

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் சீரண நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் கடுமையானது. இரைப்பையின் உட்சுவரைக் கோழைப் படலம் ஒன்று மூடிக் காப்பதால் அமிலம் அதனைத் தீண்டுவதில்லை. உணவுக்குழாய்க்கோ அத்தகைய காப்பு இல்லை. சுருக்குத் தசை வேண்டாத நேரத்தில் தளர்ந்துவிட்டால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுகிறது. அதுவே நெஞ்செரிச்சல். தொண்டை வரை வந்தால் புளித்த நீர் எதுக்களிக்கிறது. மூச்சுக்குழலின் வாயைத் தீண்டினால் இருமலும், காலையில் குரல் கம்முதலும் உண்டாகின்றன. பல மாதம் இருமலுக்கு மருந்துண்டு தீராமல், பிறகு இரைப்பைக்கு மருந்துண்டு தீர்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்நோய் கொண்டவர்களில் பெரும்பாலோர்க்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. சுரக்கும் அளவு சரியாகவே இருக்கிறது. அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதில்லை என்பதே குறை. மக்கள் எல்லாவற்றையும் "அல்சர்" என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றனர். இரைப்பைப் புண் வேறு, இது வேறு. புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்கிருமியோ வலி மாத்திரைகளோ காரணம். அக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பிறர் நம்பாதபோது மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார்! அது தனிக்கதை, நம் பொருளுக்குத் திரும்புவோம்.

சுருக்குத் தசை ஏன் வேண்டாத நேரத்தில் தளர்கிறது? இரைப்பையின் மேற்பகுதி உணவாலோ காற்றாலோ விரியும்போது, உள்ளிருக்கும் காற்றை ஏப்பமாக வெளியேற்றுவதற்காக அத்தசை சில நொடிகள் தானே திறக்கும். இது இயற்கை அமைத்த வழியே ஆகும். ஆனால் வயிறு மிக நிரம்பினால் அடிக்கடி திறக்கும். காற்றோடு அமிலமும் ஏறும். அவசரமாக விழுங்குவோர் உணவோடு காற்றையும் விழுங்குகின்றனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மேலும், உண்டபின் அமிலம் முழுவதும் உணவோடு கலந்துவிடும் என்றே மருத்துவ உலகம் நெடுநாள் எண்ணியிருந்தது. புதிதாகச் சுரந்த அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலவாமல், சுருக்குத் தசைக்கு அருகிலேயே ஒரு படலமாகத் தேங்கி நிற்கிறது என்பதை 2001இல் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உண்டவுடன் படுப்பவர்க்கு எரிச்சல் கடுமையாக இருப்பதன் காரணம் இதனால் நன்கு விளங்குகிறது.

நாம் நின்றாலும் அமர்ந்தாலும், மேலேறிய அமிலம் தன் எடையால் கீழிறங்கிவிடும். விழுங்கும் உமிழ்நீர் எஞ்சியதைக் கழுவிவிடும். படுத்துவிட்டால் முதல் துணை போயிற்று. உறங்கிவிட்டால் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுபோவதால் இரண்டாம் துணையும் போயிற்று. ஆதலால் பகலில் ஐந்து நிமிடம் தங்கும் அமிலம் இரவில் நெடுநேரம் தங்கிப் புண்ணாக்குகிறது.

விரதம் தருவதும் நாம் இழப்பதும்

நெஞ்செரிச்சல் உடையவர்க்கு இன்றைய மருத்துவர்கள் கூறும் முதல் அறிவுரை, உண்டபின் மூன்று மணி நேரம் கழியாமல் படுக்கலாகாது என்பதாகும். தமிழகத்தில் சூரியன் மார்கழித் தொடக்கத்தில் மாலை 5.45 அளவிலும், ஆனி மாதத்தில் 6.35 அளவிலும் மறைகிறது. அதற்கு முன் உண்டு, ஒன்பதரை அல்லது பத்து மணிக்கு உறங்கும் குடும்பத்தில் மூன்று மணி நேரம் தானாகவே கிடைத்துவிடுகிறது. உயிர்களுக்கு ஊறு நேராமைக்காகவே நம் ஆசாரியர்கள் இரவுணவை விலக்கினர். உடல் நலம் கருதி அவர்கள் அதனை விதித்தனர் என்று கூறுவது அவர்களின் நோக்கத்தைச் சிறிதாக்குவதாகும். எனினும் அந்நெறியில் நிற்பவர்க்கு இந்த நன்மையும் உடன் வருகிறது.

விரதம் உண்ணும் நேரத்தை வரையறுத்தது; உறங்கும் நேரத்தை நாம்தான் வரையறுத்துக்கொள்ளவேண்டும். ஆறு மணிக்கு உண்டு ஏழரைக்குப் படுப்பவரும், பத்து மணிக்கு உண்டு பதினொன்றரைக்குப் படுப்பவரும் இரைப்பையின் கணக்கில் ஒருவரே. நம் மூத்தோர் பலர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். விடியலில் எழும் நற்பழக்கம் உடையவர்கள் ஒன்று மாலை உணவை ஐந்து மணிக்கு நகர்த்தவேண்டும். அல்லது படுக்கையை எட்டரைக்கு மேல் தள்ளவேண்டும். இடைப்பட்ட நேரத்தில் சாய்வு நாற்காலியில் கிடப்பதும் பாதி படுப்பதே ஆகும். முதுகு நிமிர்ந்து அமர்ந்து ஜபம் செய்யலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம், தெருவில் மெல்ல உலாவலாம்.

இரண்டாவது இடறல் உணவின் அளவு. "நாளைக் காலை வரை தாங்கவேண்டும்" என்னும் அச்சத்தால் மாலையில் வயிற்றைத் திணிக்கிறோம். ஆறு மணிக்கு மிதமாக உண்டவர் காலை ஏழு மணிக்குப் பசியோடு எழுவார். அது நல்ல பசி. திணித்து உண்டவர் நள்ளிரவில் புளியேப்பத்தோடு எழுவார்.

தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆறு புறத் தவங்களில் முதலாவது அநசனம், இரண்டாவது அவமோதரியம். நம் சமூகத்தில் அநசனத்துக்கு உள்ள மதிப்பு அவமோதரியத்துக்கு இல்லை என்பது என் நெடுநாளைய குறை. பத்து நாள் உபவாசம் இருந்தவரைப் பாராட்டி மாலை சூட்டுகிறோம். பத்து ஆண்டுகள் ஒவ்வொரு வேளையும் வயிற்றில் கால் பங்கு இடம் விட்டு உண்டவரை யார் அறிவார்? ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என்று முழு உணவுக்கு அளவு கூறி, அதனினும் குறைத்து உண்பதே அவமோதரியம் என்பது ஆசார நூல்களின் வழக்கு. துறவியர்க்குக் கூறியது இல்லறத்தார்க்கு அப்படியே பொருந்தாது எனினும், கவளத்தை எண்ணும் பழக்கம் ஒன்று உண்டு என்பதே நமக்குப் பாடம். எண்ணி உண்பவர் அவசரமாக விழுங்கமாட்டார்.

உண்ணும் அளவைக் குறைத்தால் சுருக்குத் தசை வீணே திறப்பது குறையும். நாளடைவில் இடுப்பளவும் குறையும். வயிற்றுப் பருமன் இரைப்பையைக் கீழிருந்து நெருக்கி அமிலத்தை மேலே தள்ளுகிறது. உடல் எடையைச் சில கிலோ குறைத்தவுடன் பல்லாண்டு எரிச்சல் தணிந்தவர்கள் உண்டு. வேட்டியின் மேல் இறுக்கிக் கட்டும் அரைக்கச்சும், பாவாடை நாடாவின் இறுக்கமும் உண்டபின் தளர்த்தப்படவேண்டியவையே.

நகரத்தில் பணிபுரியும் இளைஞர் நிலை வேறு. அலுவலகம் ஆறரைக்கு முடிந்து வீடு சேர எட்டரை ஆகிறது. விரதத்தை விட்டுவிட்டு ஒன்பதரைக்கு உண்டு பத்தரைக்குப் படுக்கின்றனர். முப்பது வயதிலேயே எரிச்சல் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகின்றனர். இவர்களுக்கு நான் கூறுவது, காலையில் இரண்டு டப்பா கொண்டு செல்லுங்கள் என்பதே. ஐந்தரை மணிக்குத் தேநீருக்கு எழும் நேரத்தில் நான்கு இட்லியோ தயிர்சோறோ உண்டுவிடலாம். கேலி செய்யும் நண்பர்கள் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். சில வீடுகளில் மருமகள் பிற்பகல் மூன்று மணிக்கே இவ்விரண்டாம் டப்பாவுக்காக அடுப்பு மூட்டவேண்டுமோ என்று அஞ்சுவர். வேண்டியதில்லை, காலைச் சமையலிலிருந்தே எடுத்து வைக்கலாம்.

படுக்கை

தலையணைகளை அடுக்கிப் படுத்தால் பயனில்லை. தலை மட்டும் உயர்ந்து, உடல் இடுப்பில் மடங்கி, வயிறு இன்னும் நெருக்கப்படுகிறது. கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டின் கீழும் ஆறு முதல் எட்டு அங்குல உயரமுள்ள மரக்கட்டையையோ செங்கல்லையோ அசையாதவாறு வைத்து, கட்டில் முழுவதையும் சரிவாக்கவேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்போர், தோள் முதல் இடுப்பு வரை சரிவாகத் தாங்கும் பஞ்சுத் திண்டு ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நலம்; அப்போது இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வாயினும் கீழே அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் இதற்கு மாறாக நேரும். கருவுற்ற மகளிர்க்கு எரிச்சல் மிகுதி. அவர்களுக்கும் இவ்விரண்டு வழிகளும், சிறுகச் சிறுக உண்பதும் போதுமான அளவு உதவும். குழந்தைப் பேற்றுக்குப் பின் பெரும்பாலும் தானே மறையும்.

பகலுணவுக்கும் இவ்விதி பொருந்தும். திருவிழா நாளில் வடை பாயசத்தோடு உண்டுவிட்டு மண்டபத்தில் துண்டை விரித்துப் படுக்கும் வழக்கத்தை நான் சொல்லித்தான் அறியவேண்டுமா? உண்டபின் குனிந்து எழும் வேலைகளும் ஆகா. தரிசனமும் நமஸ்காரமும் முடித்த பின்னரே உண்ணுவது என்னும் நம் வழக்கம் இவ்வகையிலும் பொருத்தமானது.

உபவாசமும் பாரணையும்

எரிச்சல் உள்ளவர் உபவாசம் இருக்கலாமா என்று தசலட்சண நாட்களில் பலர் கேட்கின்றனர். எதுக்களிப்பு மட்டும் உள்ளவர்க்கு உபவாச நாளில் துன்பம் குறைவதே பெரும்பான்மை. வயிறு விரியாதபோது சுருக்குத் தசை வீணே திறப்பதும் குறைவு. துன்பம் வருவது பாரணையில். முறையான புரோஷதோபவாசத்தில் முதல் நாள் ஒரு வேளை, இடையில் முழு நாள் உபவாசம், மூன்றாம் நாள் ஒரு வேளை என உணவு விலக்கு 48 மணி நேரம் அமையும். அவ்வளவு நேரம் சுருங்கியிருந்த இரைப்பையில், பொங்கல், வடை, பாயசம், காபி என்று அரைமணி நேரத்தில் இறக்கினால் அது என் செய்யும்? பாசிப்பருப்புக் கஞ்சியோ நீர்த்த மோரோ சிறிதளவு முதலில். அரைமணி கழித்து மெல்லிய உணவு. எண்ணெய்ப் பண்டம் மறுநாள். உறவினர் கூடி உபசரிக்கும்போது "இன்னும் ஒன்று" என்று இலையில் இடுவோர், நோற்றவர்க்குச் செய்வது சேவை அன்று.

இரைப்பைப் புண் உள்ளவர், நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர், இதய நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் முழு உபவாசம் ஏற்கலாகாது. தீர்த்தங்கரப் பெயர்வினைக்குக் காரணமாகக் கூறப்படும் பதினாறு பாவனைகளில் சக்திக்கேற்ற தவமும் ஒன்று. "சக்திக்கேற்ற" என்னும் சொல்லைச் சேர்த்தே நம் முன்னோர் ஓதினர்.

எந்த உணவு ஆகாது என்று நீண்ட பட்டியல் தர நான் விரும்பவில்லை. எண்ணெயில் பொரித்ததும் நெய் மிகுந்ததும் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் மாலைக்கு ஆகா என்பது பொதுவிதி. மற்றபடி ஒருவர்க்குப் புளிக்குழம்பு, ஒருவர்க்குக் காபி, ஒருவர்க்குத் தக்காளி, மற்றொருவர்க்குப் பச்சை வெங்காயம். இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் உண்டதையும் எரிந்ததையும் எழுதினால் தமக்குரியது எது என்பது விளங்கும். அதை மட்டும் விலக்கினால் போதும். புகையும் மதுவும் சுருக்குத் தசையைத் தளர்த்துவன. எரியும்போது பால் குடிப்பதும் பலர் வழக்கம். பால் அப்போதைக்குக் குளிர்விக்கும். பின்னர் அதிலுள்ள புரதமும் சுண்ணச்சத்தும் அமிலத்தை மீண்டும் சுரக்கச் செய்யும்.

மருந்தும் அஹிம்சையும்

மருந்து நம் குடும்பங்களில் இரண்டு வகையில் சிக்கலாகிறது. ஒன்று, அது எதனால் ஆனது என்பது. கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின். மாடு, பன்றி முதலியவற்றின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. ஒமிபிரசோல் என்னும் அமிலம் அடக்கும் மருந்து பெரும்பாலும் கேப்சூலாகவே வருகிறது. இதை அறிந்த சிலர் மருந்தையே விட்டுவிடுகின்றனர்; அது வேண்டாத துன்பம். அதே வகையைச் சேர்ந்த பாண்டோபிரசோல், ரபிபிரசோல் ஆகியன உறையில்லா மாத்திரையாகவே கிடைக்கின்றன. வேறு மருந்தோடு சேர்த்து விற்கப்படுபவை மீண்டும் கேப்சூலாக இருக்கும், கவனிக்க. "எனக்குக் கேப்சூல் வேண்டா, மாத்திரையாக எழுதித் தாருங்கள்" என்று மருத்துவரிடம் கூறக் கூச்சம் எதற்கு? இம்மாத்திரைகளைப் பொடித்து உண்பது மட்டும் கூடாது. அமிலத்தில் கெடாதிருக்கும் பொருட்டே மேற்பூச்சு இடப்பட்டுள்ளது.

ஆங்கில மருந்து வேண்டா என்று சித்த மருந்தை நாடுவோர் மற்றொன்றையும் அறியவேண்டும். குன்மத்துக்கும் புளியேப்பத்துக்கும் வழங்கும் சங்கு பற்பம், பலகரை பற்பம், முத்துச்சிப்பி பற்பம் ஆகியன பெயரிலேயே தம் பிறப்பைச் சொல்கின்றன. சங்கும் சோழியும் சிப்பியும் ஓர் உயிரின் உடற்கூடுகள். அவற்றில் அமிலத்தைத் தணிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தே. சூரணங்களுக்கு அனுபானமாகத் தேன் சொல்வார்கள். வெந்நீரோ நெய்யோ கேட்டுப் பெறலாம். அதிமதுரம் தாவரமே, ஆயினும் நாள்தோறும் நெடுங்காலம் உண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். சமையல் சோடாவையும் பொங்கும் உப்புத்தூளையும் நீரில் கலந்து குடிப்போர், இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவராயின் நிறுத்துக. அவற்றில் உப்பின் சோடியமே உளது.

இரண்டாவது சிக்கல் நேரம். இரவில் மாத்திரை உண்ண விரதம் தடையாகுமே என்று அஞ்சவேண்டியதில்லை. அமிலம் அடக்கும் இம்மாத்திரைகள் காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன் உண்ணும்போதே நன்கு வேலை செய்கின்றன. இருவேளை எழுதப்பட்டால் இரண்டாவதை மாலை உணவுக்கு அரைமணி முன் உண்ணலாம். உண்டபின் உண்பதால் பயன் குறையும். சூரியன் மறையப்போகிறதே என்று ஒரு மிடறு நீரில் மாத்திரைகளை விழுங்கி உடனே படுப்பது தீது. டாக்சிசைக்ளின், எலும்புத் தேய்வுக்குத் தரும் அலன்ட்ரோனேட் போன்றவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். ஒரு டம்ளர் நீர், அரைமணி நேரம் நிமிர்ந்திருத்தல் ஆகிய இரண்டும் கட்டாயம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சுருக்குத் தசையைத் தளர்த்துவன; எனினும் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்க.

வீட்டில் பழைய ரானிடிடின் பட்டை கிடந்தால் அதையும் நம்பி உண்ணவேண்டா. தீங்கு தரும் வேதிப்பொருள் கலந்திருப்பது தெரிந்து 2020இல் அமெரிக்காவில் அதனைச் சந்தையிலிருந்து விலக்கினர். 2022இல் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

நான் மிகுதியாகக் கவலைகொள்வது வேறொன்றைக் குறித்து. நான்கு முதல் எட்டு வாரம் உண்ணவேண்டிய அமிலம் அடக்கும் மாத்திரையை, சீட்டு இல்லாமலே கடையில் வாங்கி, நான்கு ஆண்டு எட்டு ஆண்டு உண்கிறவர்கள் நம்மிடையே பலர். உணவிலுள்ள பி12 வைட்டமினைப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. ஊன் உண்போர்க்கு அந்த வைட்டமின் தாராளமாகக் கிடைக்கிறது. நமக்கோ பாலும் தயிரும் மோருமே வழி. நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோகிராம், ஒரு டம்ளர் பாலில் இருப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். அதையும் ரசபரித்தியாகமாகப் பாலை விலக்கியவர் இழக்கிறார். எஞ்சியதை மாத்திரை தடுக்கிறது. நீரிழிவுக்கு மெட்பார்மின் உண்பவராயின் அதுவும் சேர்ந்து தடுக்கும். இரண்டாண்டுகளுக்கு மேல் அமிலம் அடக்கும் மருந்து உண்டவர்களிடம் பி12 குறைபாடு மிகுதி என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அது ஊன் உண்போர் மிகுந்த நாட்டுக் கணக்கு; நம் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குறைபாடு மெல்ல வரும். பாதத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், சோகை, மறதி. "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். காலம் கடந்தால் நரம்பின் சேதம் முழுவதும் மீளாது. ஆகவே ஓராண்டுக்கு மேல் இம்மருந்து உண்பவர் இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளவேண்டும். மாத்திரையில் உள்ள பி12 தனித்த நிலையில் இருப்பதால் அதனை உறிஞ்ச அமிலம் தேவையில்லை. மருத்துவர் சொற்படி உண்டு குறையை நிரப்பலாம். அமிலம் அடக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்கள் அமிலம் முன்னினும் மிகுந்து சுரக்கும். அதனை நோய் திரும்பியதாக எண்ணி மீண்டும் தொடங்குவதே பலர் சிக்கிய வலை. மருத்துவர் துணையோடு படிப்படியாகக் குறைக்கவேண்டும். உணவுக்குழாய்ப் புண் முதலிய காரணங்களால் நெடுங்காலம் உண்ணவேண்டியவரும் உளர். அவர்கள் இதைப் படித்து நிறுத்திவிடலாகாது.

வாய்வு அன்று

வாரத்தில் இருமுறைக்கு மேல் எரிச்சல் வருமாயின் மருத்துவரைக் காண்க. விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், சோகை இவற்றுள் ஒன்று கண்டாலும் நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளவேண்டும்.

நெஞ்சில் தோன்றுவது எல்லாம் இரைப்பையிலிருந்து வருவதன்று. பொன்னூர் மலையிலோ திருமலையிலோ படியேறும்போது நெஞ்சை இறுக்கி, அமர்ந்து இளைப்பாறியதும் விடுமாயின் அது இதயத்தின் குரல். எரிச்சல் உண்டபின், குனியும்போது, படுக்கும்போது வரும். உழைப்பால் வருவது வேறு. வியர்வை, மூச்சுத்திணறல், இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி இவற்றோடு வந்தால் ஐயமே வேண்டா. மகளிர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் குமட்டலுமாக வருவதும் உண்டு.

என் தாய்மாமன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். சூரியன் மறைந்தபின் நீரும் அருந்தாத விரதம் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு நெஞ்சு அடைத்து வியர்த்தது. வாய்வு என்றே எண்ணினார். அத்தை ஓமநீர் கொண்டுவந்தார், மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டார் வண்டி கொண்டுவருகிறோம் என்றனர். "அங்கே போனால் மாத்திரை, நீர் என்று தருவார்கள்; விடியட்டும்" என்று சுவரில் சாய்ந்து அமர்ந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஜபித்துக்கொண்டே இரவைக் கழித்தார். விடிந்தபின் மருத்துவமனையில் நெஞ்சு மின்பதிவு எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி மீளாது போயிற்று. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் காத்திருக்கலாம் என்று அவருக்கு நான் அப்போது சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

தேறிய பின் அவரே ஊருக்கு வந்த முனிவரிடம் சென்று, உயிருக்கு இடர் நேருங்காலத்து மருந்துக்கு இடம்வைத்துத் தம் விரதத்தை மறுபடி ஏற்றுக்கொண்டார். கடும் விரதம் ஏற்றுள்ள ஒவ்வொருவரும், அதிலும் தனியே வாழும் முதியோர், இவ்வினாவை நோய் வருமுன்பே தம் குருவிடமோ பண்டிதரிடமோ கேட்டுத் தெளிவு பெற்று, அதனை வீட்டிலுள்ளோர்க்கும் சொல்லிவைக்கவேண்டும். வலி வந்த நள்ளிரவில் மனைவியும் மக்களும் அதைத் தீர்மானிக்க நேர்வது கொடுமை.

இப்போது மாமா மாலை ஐந்து மணிக்கு உண்டு ஒன்பது மணிக்குப் படுக்கிறார். கட்டிலின் தலைப்பக்கத்தில் இரண்டு செங்கற்கள். பொன்னூர் மலைக்குச் சென்றால் அடிவாரத்திலேயே நின்று வணங்கிவிடுகிறார். கூடத்தில் மாட்டியுள்ள மந்திரப் படத்தின் கீழே அவசர ஊர்தியின் எண்ணான 108ஐப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். ஏன் அங்கே என்று கேட்டேன். "ஜபமாலையில் மணியும் அத்தனைதானே, மறக்காது" என்றார்.